விதைக்கும் நாளும் வற்றும் கிணறும்

பாவகடா தாலுகாவில் மானாவாரியாக நிலக்கடலை போடும் விவசாயிக்கு ஆண்டில் ஒரு முடிவுதான் பெரிய முடிவு: எந்த மழையில் விதைப்பது. தாலுகா கர்நாடகத்தின் துமகூரு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதைச் சுற்றி பெரும்பாலும் ஆந்திரம்தான். மழையும் மண்ணும் பக்கத்து அனந்தபூரின் மழையும் மண்ணும். ஆண்டுக்கு 550 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அதுவும் சீராகப் பெய்வதில்லை. ஜூன் கடைசியில் ஒரு நல்ல மழை இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஈரத்திலேயே விதைத்துவிடலாம். விதைத்தபின் மூன்று வாரம் வானம் பார்த்து நிற்க நேர்ந்தால் என்ன ஆகும்? காத்திருக்கலாம். காத்திருந்து, அடுத்த மழை ஆகஸ்டு வரை வராமல் போனால்? கடலைச் சாகுபடியில் விதைச் செலவுதான் பெருஞ்செலவு. கடனுக்கு வாங்கிய விதை ஒரு முறைதான் மண்ணுக்குள் போகும், போனது போனதுதான்.

1990களில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரு சிறு குழு பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் உட்கார்ந்தது. குழுவை நடத்தியவர் சுலோசனா காட்கில். ஹார்வர்டில் கணிதம் பயின்று வந்து, பருவமழை ஆய்வில் உலகம் அறிந்த பெயராக வளர்ந்தவர். அவரோடு சேர்ந்தவர்களில் பி. ஆர். சேஷகிரி ராவ் ஒருவர். பாவகடாவில் தாமே விவசாயமும் பார்த்த ஆய்வாளர். இந்தச் சேர்க்கைதான் வேலையின் திசையைத் தீர்மானித்தது என்று எனக்குத் தோன்றுகிறது. விஞ்ஞானிகள் கையில் ஒரு கருவி இருக்கிறது, அதை எங்கே பொருத்தலாம் என்று அவர்கள் தேடிப் போகவில்லை. விவசாயிகள் எந்தெந்த இடத்தில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது, எந்த முடிவு மழையை நம்பி நிற்கிறது என்பதை முதலில் அவர்களிடமே கேட்டு எழுதிக்கொண்டார்கள். கணினி அதற்குப் பிறகுதான் வந்தது.

அவர்கள் எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் 1980களில் உருவான பிநட்குரோ என்ற நிலக்கடலை மாதிரி. பயிரைக் கணினியில் வளர்த்துப் பார்க்கும் முயற்சி அதற்கு முன்பே, 1960களில், நெதர்லாந்தின் வாகனிங்கனில் சி. டி. டி விட் என்பவரால் தொடங்கிவிட்டது. இலைப்பரப்பில் விழும் வெயில் எவ்வளவு மாவுச்சத்தாக மாறுகிறது என்று கணக்குப் போட்ட காலம் அது. பின்னர் வந்த மாதிரிகள் மண்ணையும் தண்ணீரையும் பயிரின் வயதையும் அதோடு சேர்த்துக்கொண்டன.

இப்படிப்பட்ட மாதிரிக்குள் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று பார்ப்பது நல்லது. அன்றைய மழை, அதிகபட்ச வெப்பம், குறைந்தபட்ச வெப்பம், வெயிலின் அளவு ஆகியவை உள்ளே போகின்றன. மண் பல அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு அடுக்கும் எவ்வளவு ஈரம் பிடிக்கும், எந்த அளவுக்குக் கீழே போனால் வேருக்கு எட்டாது என்பவை முன்பே கொடுக்கப்பட்டிருக்கும். பெய்த மழையில் ஒரு பங்கு ஓடிப்போகிறது. மிச்சம் மேலடுக்கை நிரப்பிக் கீழே இறங்குகிறது. செடியின் இலைப்பரப்பைப் பொறுத்து அன்றைக்கு அது கேட்கும் தண்ணீர் கணக்கிடப்படுகிறது. வேர் எட்டிய அடுக்குகளில் அவ்வளவு இல்லையென்றால் வளர்ச்சி அந்த அளவுக்குக் குறைகிறது. வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே போய், செடி எந்த நாளில் பூக்கும், எந்த நாளில் விழுது மண்ணில் இறங்கும், காய் எப்போது முற்றும் என்று மாதிரி சொல்லிவிடும். பிறகு அடுத்த நாள். இப்படி நூற்றுச் சொச்சம் நாள் ஓடி முடிந்தால் ஒரு பருவத்தின் விளைச்சல் கையில் வரும். கணினியில் இதற்கு ஒரு நொடிகூட ஆவதில்லை.

பயன் அங்கேதான் இருக்கிறது. ஒரு விவசாயி வாழ்நாளில் நாற்பது, ஐம்பது பருவம் பார்க்கலாம். ஒவ்வொரு பருவத்திலும் ஒரு தேதியில்தான் விதைத்திருப்பார். வேறு தேதியில் விதைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரால் திரும்பிப் போய்ப் பார்க்க முடியாது. மாதிரிக்கு அது முடியும். பதிவில் உள்ள ஒவ்வொரு ஆண்டின் மழையையும் எடுத்து, அதே மண்ணில், அதே ரகத்தை, வாரத்துக்கு ஒரு தேதியாக விதைத்துப் பார்க்கலாம். சராசரி விளைச்சல் எவ்வளவு என்பதைக் காட்டிலும், போட்ட காசு தேறாத ஆண்டுகள் எந்தத் தேதிக்கு எத்தனை வருகின்றன என்று எண்ணிவிடலாம். மானாவாரிக்காரருக்கு வேண்டியது இந்த இரண்டாவது கணக்குதான்.

அந்த வட்டாரத்தில் பரவலாக இருந்த ரகம் டிஎம்வி 2. தமிழ் வாசகருக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு. டிஎம்வி என்பது திண்டிவனம். அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் குடியாத்தம் கொத்துக்கடலையிலிருந்து தெரிந்தெடுத்து 1940இல் வெளியிட்ட ரகம் அது. அரை நூற்றாண்டு கழித்தும் ராயலசீமாவிலும் பாவகடாவிலும் அதைத்தான் விதைத்துக்கொண்டிருந்தார்கள். நிலக்கடலை பரவுவதற்கு முன்பு அங்கே சிறுதானியங்களும் பயறுகளும் கலந்து விதைக்கும் வழக்கம் இருந்தது. 1970களுக்குப் பிறகு நிலக்கடலை காட்டை நிறைத்துவிட்டது. ஆகவே இந்தப் புதிய சூழலில் விவசாயிகளின் அனுபவம் இன்னும் இளசுதான். பாட்டன் காலத்துப் பழமொழி புதுப் பயிருக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. இப்படிப்பட்ட இடத்தில் கணினி மாதிரிக்கு வேலை இருக்கிறது என்பது சுலோசனா காட்கிலின் வாதம். அது வலுவான வாதம்.

முடிவு என்ன வந்தது? தோற்றுப்போகும் வாய்ப்பு குறைவாக இருக்கும் விதைப்புக் காலம் ஜூன் பிற்பகுதியில் தொடங்கி ஆகஸ்டு நடுப்பகுதி வரை நீள்கிறது என்று மாதிரி காட்டியது. விவசாயிகள் ஏற்கெனவே விதைத்துக்கொண்டிருந்த காலம் ஏறத்தாழ அதேதான். இத்தனை கணக்குப் போட்டு, தெரிந்ததையே சொல்வதா என்று கேட்கத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எளிதில் கிடைத்திருக்கக்கூடிய தவறான முடிவு ஒன்றை இது தடுத்தது. ‘முதல் மழையிலேயே விதையுங்கள், தாமதித்தால் விளைச்சல் குறையும்’ என்பது ஆராய்ச்சிப் பண்ணைகளிலிருந்து இறங்கிவரும் வழக்கமான அறிவுரை. காத்திருக்கும் விவசாயி சோம்பேறி அல்ல, அவர் காத்திருப்பதில் கணக்கு இருக்கிறது என்று இங்கே எண்ணால் நிறுவப்பட்டது.

அதற்குள்ளும் ஒரு நுணுக்கம் தெரிந்தது. அந்த நீண்ட காலத்திலேயே ஜூலை நடுவுக்குப் பிறகு விதைப்பது முன்னால் விதைப்பதைவிட மேல். காரணம் எளிது. கடலைக்குத் தண்ணீர் மிக அவசியமான கட்டம் விழுது இறங்கிக் காய் பிடிக்கும் கட்டம். அது விதைத்து இரண்டு மாதத்தை ஒட்டி வருகிறது. அந்த வட்டாரத்தின் பெருமழை செப்டம்பரில். ஜூனில் விதைத்தால் காய் பிடிக்கும் நேரம் ஆகஸ்டின் வறட்சியில் மாட்டிக்கொள்ளும். ஜூலை நடுவில் விதைத்தால் அது செப்டம்பர் மழையோடு பொருந்திவரும்.

ஆனால் மாதிரியின் செடிக்கு நோய் வருவதில்லை, பூச்சி கடிப்பதில்லை. பாவகடாவின் செடிக்கு இரண்டும் உண்டு. மழை விட்டுக் காய்ந்தால் சுருள்பூச்சி பெருகும். ஈரம் தொடர்ந்து நின்றால் டிக்கா இலைப்புள்ளி வரும். மாதிரி சொல்லும் விளைச்சல் வயலில் வராமல் போவதற்கு இவை பெரிய காரணம். குழு இதை மறைக்கவில்லை. விவசாயிகள் சொன்ன விதிகளை அப்படியே வாங்கி, இத்தனை நாள் காய்ந்தால் இந்தப் பூச்சி, இத்தனை நாள் நனைந்தால் இந்த நோய் என்று தனிக் கணக்காக அமைத்துக்கொண்டார்கள். 1995இல் அவர்கள் கரண்ட் சயன்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்வி: கடலை விவசாயிக்கு மழை முன்னறிவிப்பு எந்த அளவுக்குச் சரியாக இருந்தால் போதும்? வானிலை ஆய்வில் இந்தக் கேள்வியை இப்படி விவசாயி பக்கத்திலிருந்து கேட்டவர்கள் அதிகம் இல்லை. முன்னறிவிப்பு நூற்றுக்கு நூறு சரியாக இருக்க வேண்டியதில்லை. அதை நம்பிச் செலவு செய்தால் பல ஆண்டுகளைக் கூட்டிக் கழித்த பிறகு மிச்சம் நிற்குமா என்பதே விஷயம். பூச்சிமருந்து விலை என்ன, விளைந்த கடலை விலை என்ன என்பதைப் பொறுத்து ‘போதும்’ என்ற எல்லையும் நகரும்.

அதே பாவகடாவில் இன்று வேறொன்று நடந்திருக்கிறது. திருமணி, பாலசமுத்திரம், வள்ளூர் உள்ளிட்ட 5 கிராமங்களில் ஏறத்தாழ 13,000 ஏக்கர் நிலம் சூரிய மின் பூங்காவாகிவிட்டது. 2018இல் திறக்கப்பட்டது, திறன் 2,050 மெகாவாட். நிலத்தை விலைக்கு வாங்கவில்லை, குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று தொடங்கிய குத்தகை. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வரும் பணம். நில உடைமையாளர் விதைக்கும் தேதியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை என்ற முடிவுக்கு வந்தார்; நிலமில்லாத கூலிக்காரருக்குக் களையெடுப்பும் அறுவடையும் போயின. எந்தப் பயிர் மாதிரியும் இதை முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லும்படி யாரும் அதைக் கேட்கவுமில்லை. பயிரின் எல்லைக்குள் கேட்ட கேள்விக்குப் பயிரின் எல்லைக்குள்தான் விடை வரும். மாதிரிகளைப் பற்றிப் பேசும்போது துல்லியத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். எதை உள்ளே விட்டோம், எதை வெளியே நிறுத்தினோம் என்பதைப் பற்றி அதைவிட அதிகமாகப் பேச வேண்டும்.

பாவகடாக் குழுவின் வழிக்கு நேரெதிரான ஒரு போக்கும் 2010களிலிருந்து வளர்ந்திருக்கிறது. 2016இல் ஆந்திரத்தின் கர்னூல் மாவட்டத்தில் தேவனகொண்டா மண்டலத்தில் 175 கடலை விவசாயிகளுக்கு, எப்போது விதைக்கலாம் என்று கைபேசிக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். இக்ரிசாட் என்ற பயிர் ஆராய்ச்சி நிறுவனமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து செய்த முயற்சி. சொன்னபடி காத்திருந்து விதைத்தவர்களுக்குச் சராசரியாக 30 சதவீதம் கூடுதலாக விளைந்தது என்று அறிவிக்கப்பட்டது. செய்தியாக அது எங்கும் பரவியது. மகிழ்ச்சியான செய்திதான், ஆனால் ஒரு பருவத்தின் விளைச்சலை வைத்து விதைப்பு அறிவுரையை எடைபோட முடியாது. மானாவாரியில் ஒரு தேதி நல்லதா கெட்டதா என்பது பத்து, இருபது ஆண்டு வரிசையில்தான் தெரியும். மேலும், குறுஞ்செய்தியில் தேதி மட்டும் வருகிறது. அந்தத் தேதி எப்படி வந்தது, இந்த ஆண்டு அது தவறினால் எவ்வளவு போகும் என்பது வருவதில்லை. தவறினால் நட்டம் குறுஞ்செய்தி அனுப்பியவருக்கு இல்லை.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1990களில் நடந்த ஃபார்ம்ஸ்கேப் என்ற திட்டம் இதை நேரடியாகவே கற்றுக்கொண்டது. ஏபிசிம் என்ற மாதிரியை வைத்துக்கொண்டு விவசாயிகளுக்கு முடிவு சொல்லிக்கொடுக்கப் போனவர்கள், விவசாயிகளுக்கு முடிவு தேவையில்லை, தங்கள் வயலின் மண்ணை அளந்து அதை வைத்து ‘இப்படிச் செய்தால்? அப்படிச் செய்தால்?’ என்று கேட்டுப் பார்க்கும் உரையாடல்தான் தேவை என்று கண்டுகொண்டார்கள். அங்கே ஒருவருடைய பண்ணை ஆயிரக்கணக்கான ஏக்கர். ஆலோசகரை அமர்த்திக்கொள்ள வசதி உண்டு. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு அந்த உரையாடலை யார் நடத்துவது? நம் ஊரில் விடை கிடைக்காத கேள்வி இது.

தனி விவசாயி தன் வயலைப் பற்றி எடுக்கும் முடிவில் கணினி மாதிரிக்கு உள்ள இடம் அளவானது. அங்கே விவசாயியின் கண்ணும் அனுபவமும் பெரும்பாலும் போதும். மாதிரி அதைச் சரிபார்க்கலாம், சற்றுக் கூர்மையாக்கலாம். மாதிரி இல்லாமல் தீராத இடம் வேறு. ஒருவர் எடுக்கும் முடிவு பக்கத்து நிலத்துக்காரரைத் தாக்க, அந்தத் தாக்கம் யார் கண்ணுக்கும் தெரியாமல் மண்ணுக்கடியில் நடக்கும் இடம் அது. அதைப் பார்க்க மைசூரிலிருந்து ஊட்டி போகும் வழியில் குண்டலுப்பேட்டைக்குப் போக வேண்டும்.

அந்தச் சாலையில் போன எல்லோருக்கும் அந்த வயல்கள் நினைவிருக்கும். ஆடி, ஆவணியில் சூரியகாந்தியும் செண்டுமல்லியும் மஞ்சளாக விரிந்து கிடக்கும். சுற்றுலா வண்டிகள் நின்று படம் எடுத்துக்கொண்டு போகும். சாலைக்குச் சற்று விலகி, பந்திப்பூர் காட்டின் விளிம்பில், பெரம்பாடி என்ற 84 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பு இருக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தில் இயங்கும் இந்தோ-பிரெஞ்சு நீர் அறிவியல் மையம் பல ஆண்டுகளாக அதை அளந்துகொண்டிருக்கிறது. எம். சேகர், பிரான்சின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த லோரான் ரூயிஸ் ஆகியோர் இதில் முக்கியமானவர்கள். காட்டுக்குள்ளேயே மூலேஹொளே என்ற சிறு நீர்ப்பிடிப்பையும் 2003 முதல் அளந்துவருகிறார்கள். அதனால் காடு தண்ணீரை என்ன செய்கிறது, விவசாயம் என்ன செய்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

பெரம்பாடியில் அடியில் இருப்பது கடினப் பாறை. மேலே சிதைந்த பாறை ஓரளவு தண்ணீர் பிடிக்கும். அதற்குக் கீழே வெடிப்புகளில் மட்டும்தான் தண்ணீர். ஆழம் போகப் போக வெடிப்புகளும் குறையும். ஆகவே நீர்மட்டம் 10 மீட்டர் இறங்கினால் கையில் மிஞ்சுவது 10 மீட்டர் குறைந்த தண்ணீர் மட்டுமல்ல. அதற்கப்பால் இறங்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் கிடைக்கும் தண்ணீர் இன்னும் சிறிது. 1990களில் ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகின. கர்நாடகத்தில் 10 குதிரைத்திறன் வரையிலான பாசனப் பம்புகளுக்கு மின்சாரம் இலவசம். மஞ்சள், பூண்டு, வெங்காயம், பீட்ரூட், செண்டுமல்லி என்று பாசனப் பயிர்கள் வந்தன. ஊரை ஒட்டிய பள்ளப் பகுதிகளில் மண் வளமானது. அங்கேதான் முதலில் கிணறு தோண்டினார்கள், அங்கேதான் முதலில் நீர்மட்டம் விழுந்தது. விளைவாக ஒரு தலைகீழ்க் காட்சி: பள்ளத்தில் தண்ணீர் மிக ஆழத்தில், மேட்டில் அதைவிட மேலே. ஓடைகளுக்கு அடியிலிருந்து ஊறிவந்த நீர் நின்றுபோயிற்று. ஓடை வறண்டதற்கு மழை குறைந்தது காரணம் என்று ஊரில் சொல்வார்கள். தண்ணீர் ஓடையைவிட்டு எத்தனையோ மீட்டர் கீழே போய்விட்டது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாதே.

இங்கேதான் நமஸ்தே என்ற மாதிரி வருகிறது. மரியோன் ரோபேர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் தம் முனைவர் பட்ட ஆய்வாக, பெங்களூர்க் குழுவோடு சேர்ந்து கட்டியது. மூன்று மாதிரிகளை அது ஒன்றாகப் பின்னுகிறது. நிலத்தடி நீர் ஏறி இறங்குவதைப் பார்க்க ஒன்று, பயிர் வளர்வதைப் பார்க்க ஒன்று, விவசாயி முடிவெடுப்பதைப் பார்க்க ஒன்று. மூன்றாவதுதான் புதியது. விவசாயி எப்படி முடிவெடுக்கிறார் என்பதைப் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. 684 பண்ணைகளில் கணக்கெடுத்து, 27 விவசாயிகளிடம் நீண்ட நேரம் உட்கார்ந்து பேசி எழுதினார்கள். அதிலிருந்து மூன்று வகைப் பண்ணைகள் தெளிந்தன: பல பயிர் வைக்கும் பெரிய பண்ணைகள், மானாவாரியை நம்பிய சிறு பண்ணைகள், பாசனத்தோடு சந்தைக்கு விளைவிக்கும் சிறு பண்ணைகள். இவர்களைப் பிரிப்பது நிலத்தின் அளவும் நிலத்தடி நீர் எட்டுகிறதா என்பதும்தான்.

மாதிரிக்குள் இருக்கும் விவசாயிக்கு மூன்று தட்டில் முடிவுகள். பல ஆண்டுக்கு ஒருமுறை எடுப்பது: புதிதாகப் போர் போடுவதா, இருக்கும் போரை ஆழப்படுத்துவதா. பருவத்துக்குப் பருவம் எடுப்பது: போன ஆண்டு மஞ்சள் விலை விழுந்தது, கிணற்றில் தண்ணீரும் குறைவு, இந்த முறை சோளமோ சூரியகாந்தியோ போட்டுவிடலாமா. அன்றாடம் எடுப்பது: நேற்று இந்த அளவு மழை, இன்றைக்குக் கரண்டு சில மணி நேரம்தான், எந்த வயலுக்குத் தண்ணீர் விடுவது. விவசாயி தண்ணீர் இறைத்தால் நிலத்தடி நீர் மாதிரியில் மட்டம் இறங்குகிறது. இறங்கிய மட்டம் அடுத்த பருவத்தில் அவருடைய முடிவை மாற்றுகிறது. பக்கத்தவரின் முடிவையும் மாற்றுகிறது. கூட்டுக் குடும்பத்துப் பத்தாயத்தில் இருட்டில் ஆளாளுக்கு நெல் அள்ளுவது போன்ற இந்த ஏற்பாட்டில், பத்தாயத்துக்குள் ஒரு விளக்கைக் காட்டுவது இப்படிப்பட்ட மாதிரிதான். ஆழப்படுத்துவதற்கு மானியம் கொடுத்தால் என்ன ஆகும், இறைப்பதற்கு விலை வைத்தால் யார் விழுவார்கள், மழைக்காலம் சுருங்கினால் எந்த வகைப் பண்ணை முதலில் நொடியும் என்று உண்மையான கிராமத்தைச் சோதனைக்கு உட்படுத்தாமல் கேட்டுப் பார்க்கலாம்.

அளந்துகொண்டே இருந்ததில் எதிர்பாராத ஒன்றும் தெரிந்தது. குழுவைச் சேர்ந்தவர்கள் கிணறுகளின் நீரைப் பரிசோதித்தபோது சில இடங்களில் நைட்ரேட் மிக அதிகமாக இருந்தது. உரம் போட்ட வயலிலிருந்து கீழே இறங்கும் நீரையே கிணறு மறுபடி மேலே இழுக்கிறது. அது மறுபடி வயலுக்குப் போய் மறுபடி இறங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அடர்த்தி கூடுகிறது. இதன் மறுபக்கம்: அந்த நீரைப் பாய்ச்சும் விவசாயி, தெரியாமலேயே தண்ணீரோடு யூரியாவுக்கு நிகரான சத்தையும் பாய்ச்சுகிறார். அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் மூட்டையில் வாங்கும் உரத்தைக் குறைக்கலாம். நைட்ரேட்டுக்கு நிறமும் ருசியும் இல்லை. எத்தனை தலைமுறை அனுபவம் இருந்தாலும் நாக்கில் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இதைத்தான் மாதிரி இல்லாமல் தீராத இடம் என்றேன்.

பெரம்பாடி கபினியின் படுகை. கபினி காவிரியில் சேர்கிறது. காவிரி வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்குரிய பங்கை 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆகக் குறைத்தபோது, டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 டிஎம்சியைக் கணக்கில் சேர்த்தது. பெங்களூரின் குடிநீருக்காக 4.75 டிஎம்சி ஒதுக்கியது. கீழே உள்ள மாநிலத்தின் நிலத்தடி நீர் இப்படிக் கணக்குக்கு வந்தது. மேலே, ஆற்றுக்கு ஊறிவர வேண்டிய நீரைப் பல்லாயிரம் ஆழ்குழாய்க் கிணறுகள் பிடித்துக்கொள்வது யார் கணக்கில் வரும்? ஆற்று நீரும் அடிநீரும் ஒரே நீர் என்பதைப் பெரம்பாடி போன்ற ஆய்வுகள் மீட்டர் மீட்டராகக் காட்டியிருக்கின்றன. இரு மாநில வழக்கறிஞர்களும் இதைப் படிக்க வேண்டும்.

பெங்களூருக்கு அருகிலேயே அதற்கு இன்னொரு சாட்சி உண்டு. 1933இல் அர்க்காவதி ஆற்றில் கட்டிய திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் நகரத்துக்கு நீர் தந்தது. பிறகு வரத்து படிப்படியாகச் சுருங்கியது. நகரில் இயங்கும் ஏட்ரீ என்ற சூழலியல் ஆராய்ச்சி அறக்கட்டளையின் வீணா ஸ்ரீனிவாசன் முதலானோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு, மழையும் வெப்பமும் இதற்குக் காரணமல்ல என்று காட்டியது. நிலத்தடி நீர் உறிஞ்சல், யூகலிப்டஸ் தோப்புகள், ஓடைகளில் குறுக்கே எழுந்த தடுப்புகள் ஆகியவற்றை நோக்கியே சான்றுகள் நின்றன. பழைய மழைக்கும் பழைய வரத்துக்கும் பொருத்திய மாதிரி இங்கே பொய் சொல்லும், ஏனெனில் இடையில் நிலமே மாறிவிட்டது. எந்த மாதிரியை நம்புவதற்கு முன்னும் அது எந்தக் காலத்து நிலத்துக்குப் பொருத்தப்பட்டது என்று கேட்க வேண்டும்.

காட்டு நிர்வாகத்திலும் பாவகடாவின் கதை போன்ற ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அது. சாமராஜநகர் மாவட்டத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோளிகர் என்ற பழங்குடியினர் காட்டு நெல்லிக்காய் பறித்து விற்று வாழ்ந்தவர்கள். நெல்லி மரங்கள் குறைந்துவந்தன. பறிப்பதால்தான் குறைகிறது என்பது யாருக்கும் முதலில் தோன்றும் விளக்கம். 2000களின் நடுவில் சரணாலயத்தில் வனப்பொருள் சேகரிப்புக்கே தடை வந்தது. சோளிகர்கள் வேறொன்று சொன்னார்கள். முன்பெல்லாம் காட்டின் தரைக்குச் சிறு தீ வைப்போம். அதை நிறுத்திய பிறகு நெல்லியில் புல்லுருவி ஏறிவிட்டது, உண்ணிச்செடி தரையை மூடிவிட்டது என்றார்கள். ஏட்ரீயைச் சேர்ந்தவர்கள் மரங்களை ஆண்டுதோறும் அடையாளமிட்டு அளந்து வந்தார்கள்: எத்தனை கன்று முளைத்தது, எத்தனை அடுத்த பருமனுக்கு வளர்ந்தது, எத்தனை செத்தது. அந்த எண்களை வைத்து, மரக்கூட்டம் வரும் ஆண்டுகளில் பெருகுமா குறையுமா என்று கணிக்கும் மாதிரியை ஓட்டினார்கள். பழம் பறிப்பதை மட்டும் நிறுத்திப் பார்த்தால் என்ன? புல்லுருவியை மட்டும் நீக்கினால்? உண்ணிச்செடி இல்லாவிட்டால்? 2012இல் தமாரா டிக்டின், ஆர். கணேசன், சித்தப்ப செட்டி முதலானோர் வெளியிட்ட முடிவு சோளிகர்கள் பக்கம் நின்றது. சரிவில் பழம் பறிப்பதன் பங்கு சிறிது. புல்லுருவியும் உண்ணிச்செடியும் தீ இல்லாமையும்தான் பெரிது. பறிப்பதைத் தடை செய்தால் மரம் பிழைக்காது, மனிதர் வருமானம்தான் போகும். இதற்கு முந்தைய ஆண்டு, 2011இல், அந்த மலைச் சோளிகர்களுக்கு வன உரிமைச் சட்டத்தின்படி சமூக உரிமைகள் கிடைத்திருந்தன.

பாவகடாவிலும் இந்த மலையிலும் நடந்தது ஒன்றுதான். மண்ணோடு வாழ்பவர் சொன்னதை மாதிரி உறுதிசெய்தது. மேலிருந்து வந்த அறிவுரையையும் தடையையும் அது ஆதரிக்கவில்லை. இது தற்செயல் அல்ல. இரண்டு இடத்திலும் மாதிரியை ஓட்டியவர்கள் முதலில் அந்த மக்களின் கூற்றைச் சோதிக்கத் தகுந்த கருதுகோளாக மதித்தார்கள். அப்படி மதிக்காமல் ஓட்டியிருந்தால் தீ என்ற காரணி மாதிரிக்குள் வந்திருக்கவே வராது.

பெரிய கணினியும் பிரெஞ்சு நிரல்களும் இல்லாமல் நிலத்தடி நீருக்குக் கணக்குப் போட முடியுமா என்றால், ஒரு பங்கு முடியும். 2000களில் அன்றைய ஆந்திரத்தின் 7 வறட்சி மாவட்டங்களில் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் ஆதரவோடு நடந்த விவசாயி மேலாண் நிலத்தடி நீர்த் திட்டத்தில், கிராமத்தாரே மழைமானி வைத்து மழையை அளந்தார்கள். கிணற்றில் நாடா விட்டு மட்டம் பார்த்தார்கள். மழைக்காலம் முடிந்ததும் கூடி, இவ்வளவு தண்ணீர் இருக்கிறது, நெல்லுக்கு இவ்வளவு, கடலைக்கு இவ்வளவு, காய்கறிக்கு இவ்வளவு என்று சுவரில் எழுதிப் பயிர் நீர் பட்ஜெட் போட்டார்கள். யாரும் யாருக்கும் உத்தரவிடவில்லை. ஆனாலும் பல ஊர்களில் நெல்லின் பரப்பு குறைந்து தண்ணீர் குறைவாகக் கேட்கும் பயிர்கள் வந்தன. ஓர் ஊருக்கு ஓர் ஆண்டுக்கு இது போதும். பத்து ஆண்டுக்கு அப்பால் என்ன, மேட்டு ஊரின் போர் பள்ளத்து ஊரை எப்படித் தாக்கும், மழை மாறினால் என்ன என்று கேட்கத் தொடங்கினால் சுவர் போதாது. நமஸ்தே போன்றது வேண்டும்.

மத்திய அரசு 2019 டிசம்பரில் தொடங்கிய அடல் பூஜல் யோஜனா ஊராட்சி அளவில் இப்படித் தண்ணீர்க் கணக்குப் போடச் சொன்னது. அது எடுத்துக்கொண்ட 7 மாநிலங்களில் கர்நாடகம் உண்டு, தமிழ்நாடு இல்லை. கோவை, திருப்பூர், சேலம், தருமபுரி வட்டாரங்களின் அடியில் இருப்பதும் குண்டலுப்பேட்டையின் அடியில் இருப்பது போன்ற கடினப் பாறைதான். பம்புக்கு மின்சாரம் இங்கேயும் இலவசம்தான். போர் வறண்டால் இன்னும் ஆழமாகப் போடுவதுதான் இங்கேயும் வழக்கம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பயிர் மாதிரிகளை ஓட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பெங்களூரில் நிலத்தடி நீரையும் விவசாயியின் முடிவையும் சேர்த்துப் பின்னத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பல்லடத்துக்கோ அவிநாசிக்கோ ஒரு நமஸ்தே கட்டுவதற்குத் தேவைப்படுவது, அங்குள்ள சில நூறு கிணறுகளின் மட்டத்தை மாதா மாதம் பல ஆண்டுகள் விடாமல் அளந்த பதிவும், அந்தக் கிணற்றுக்காரர்களோடு உட்கார்ந்து அவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று கேட்டு எழுதும் பொறுமையும். அளப்பதை வரும் தை மாதமே தொடங்கலாம். ஆரம்பிக்க ஒரு நாடாவும் நோட்டுப் புத்தகமும் போதும்.